பதினெட்டு பெசோ

மூன்று புத்தகங்கள்.
கைப்பையில் மன்றத்தின் பணம் பதினெட்டு பெசோ.
ஊர் திரும்பும் ரயில் ஐந்து நாற்பதுக்கு.

மான்டிவீடியோ துறைமுகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி
ஸ்லூத்ஸ்கியின் கடை.
ஏணிக்கு அடியில் முக்காலி போட்டுக் கொடுத்தார்.
"படித்துப் பாருங்கள், செனோரா,
கண் பட்டால் எழுத்து தேயாது"
என்றுவிட்டுத் தன் சூப்பைக் குடிக்கப் போனார்.

எந்திரம் வாங்கியாகிவிட்டது.
ரயில்வே தொழிலாளர் மன்றம் ஏலத்தில் எடுத்தது.
பாஸோ தெ லோஸ் தோரோஸில், சரக்குக் கொட்டகையில்,
உப்பு மூட்டைகளுக்கு நடுவே நிற்கிறது,
உச்சந்தலையில் ஒரு சக்கரம்
முழங்காலில் ஒரு சக்கரமாக.
யார் ஓட்டுவது என்று கூட்டத்தில் கேட்டார்கள்.
கொண்டை ஊசி நழுவ
நான் கையை உயர்த்தினேன்.
"ஒருமனதாக" என்று எழுதிக்கொண்டார் பாபியானோ.

பதினோரு வருடம் சரக்குச்சீட்டு எழுதுகிறேன்.
கம்பளி இத்தனை பொதி, மாடு இத்தனை தலை.
எண்ணத் தெரியும்.
வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதல் புத்தகம் செங்கல் கனம்,
அட்டையில் பொன்னெழுத்து.
கிரேக்கர்கள் கண்ணைப் பற்றி என்ன நினைத்தார்கள்
என்று தொடங்குகிறது.
நூற்று நாற்பதாம் பக்கம் வரை
எந்திரம் உள்ளே வரவில்லை.

இரண்டாவது, தபால்வழிப் பள்ளியுடையது.
முப்பது பாடம்,
கடைசித் தாளில் வெட்டியெடுத்துக்கொள்ள ஒரு பட்டயம்.
படத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர்
எந்திரத்தைத் தொடாமல் சிரிக்கிறார்.

மூன்றாவது மெலிசு.
ரொசாரியோவில் ஆப்பரேட்டர்களின் சகாய நிதிச் சங்கம்
தானே அச்சிட்டது.
அட்டை கிடையாது, இரண்டு கம்பித் தையல்.

நேரம் நான்கு பத்து.
மூன்றிலும் ஒரே இடத்தைத் தேடினேன்:
ஓடும்போது படம் அறுந்தால்?

செங்கல் சொன்னது:
முறையாகப் பராமரித்த எந்திரத்தில் இது நிகழாது.
பள்ளி சொன்னது:
பாடம் இருபத்தேழைப் பார்க்க.
பார்த்தேன்.
பாடம் ஒன்பதை நினைவுகூர்க.
மெலிசு சொன்னது:
விளக்கின் கதவை மூடு.
அரங்கில் வெளிச்சம் போடு.
உன் விரல்களை எண்ணு.
பத்து இருந்தால் வேலையைத் தொடங்கு.

ஏணிக்கு அடியிலேயே எண்ணிப் பார்த்தேன்.

"அது இருபது" என்றார் ஸ்லூத்ஸ்கி.
"செங்கலே பதினாறுதானே?"
"அதில் என்னிடம் ஆறு படி கிடக்கிறது, செனோரா."
என் சாப்பாட்டுக்கு வைத்திருந்த இரண்டு பெசோவை
மன்றப் பணத்தின்மேல் வைத்தேன்.
அவர் கொஞ்சம் யோசித்து
மிச்ச சூப்பை என் பக்கம் நகர்த்தினார்.
பீட்ரூட். ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

துராஸ்னோ தாண்டுவதற்குள் தெரிந்துபோயிற்று.
படங்களில் இருக்கும் எந்திரம் எங்களுடையது அல்ல.
அதற்கு விளக்கு வலப்பக்கம், எங்களுக்கு இடப்பக்கம்;
அதன் பற்சக்கரங்கள் எல்லாம்
எங்களுடையவற்றுக்கு முதுகு காட்டின.
இருபது பெசோ.
ஜூலை மாத இருட்டு ஜன்னலில் அப்பியிருந்தது.
பாபியானோவிடம் என்ன சொல்வது என்று
புத்தகத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி
கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது,
முகத்துக்குக் கீழே நின்றது எங்கள் எந்திரம்.
விளக்கு இடப்பக்கம்.
சுருள் இறங்கும் வழி, வாயிலுக்கு மேலே ஒரு தளர்ந்த மடிப்பு,
கீழே ஒரு மடிப்பு, இரண்டு விரல் இடைவெளி,
எல்லாம் அதனதன் இடத்தில்.
எழுத்துதான் தலைமாறிக் கிடந்தது.
அதற்கு மட்டும் புத்தகத்தைப் பார்த்தேன்.
எதிரே அமர்ந்திருந்த மாட்டு வியாபாரி
தன் பையைக் காலுக்குள் இழுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் முதல் சனி.
படம் அறுபடவில்லை.
மூன்றாம் சுருளுக்கு முன்னால்
நான்காம் சுருளை ஓட்டிவிட்டேன்.
எண்ணத் தெரியும் என்றேனே, அந்த நான்தான்.
புதைத்த மாப்பிள்ளை
அடுத்த காட்சியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.
ஒருவரும் கூச்சல் போடவில்லை.
"இரட்டைப் பிள்ளைகள்,
எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும்"
என்றார் பாயின்ட்ஸ்மேன் எலீசெயோ.

நாற்பத்தொன்றாம் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
டப்பாக்களில் எண் போடு. சுண்ணக்கட்டி. பெரிதாக.

எலீசெயோவிடம் இன்னும் சொல்லவில்லை.
மாட்டே குடிக்கும்போதெல்லாம் கொட்டகையில் விளக்குகிறார்,
இருவரில் எவன் மூத்தவன் என்று.